செய்கூலி கேட்ட மனிதர்



டிவியில் வரும் நகைக்கடை விளம்பரங்களை ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க. எந்தக் கடையாக இருந்தாலும் பெருமையாகச் சொல்வது செய்கூலி குறைவு, சேதாரம் குறைவு என்பதைத்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் கடைக்குப் போனாலும் அதே பேரம்தான். தங்கத்தின் விலையைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டாங்க; அது அன்னைக்கு ரேட். ஆனால் அதை உட்கார்ந்து செய்தவருக்குப் போகிற காசு மட்டும் நமக்கு வீண்செலவாகத் தெரியும். அதே நகையை அடகு வைக்கப் போனால், கல்லைக் கழிச்சு, உரைகல்லில் உரசி, எடை போட்டுத்தான் காசு. வேலைப்பாட்டுக்கு ஒரு பைசா தேறாது.

இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஒருத்தரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போறேன். வாழ்நாள் முழுக்க அவர் என்ன செஞ்சாருன்னு கேட்டீங்கன்னா, ஒரே வார்த்தையில் பதில் சொல்லிடலாம்: பெட்டி. சிகரெட் பெட்டி, மூக்குப்பொடி டப்பா, மாத்திரை வைக்கிற சிமிழ், கடைசியில் முட்டை வடிவத்தில் திறந்து மூடுகிற பெட்டி. பெயர் கார்ல் ஃபாபெர்ஜே. மியூசியத்தில் கண்ணாடிக்குள்ள இருக்கும் அந்த ரஷ்ய ஈஸ்டர் முட்டைகளை எங்கேயாவது படத்தில் பார்த்திருப்பீங்க. அவைதான்.

1846 மே 30 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். ரஷ்யாவில் பிறந்தாலும் குடும்பம் பூர்வீகத்தில் பிரெஞ்சு. மத நெருக்கடியால் பிரான்ஸை விட்டுக் கிளம்பி, தலைமுறை தலைமுறையாகக் கிழக்கே நகர்ந்து வந்தவங்க. அப்பா குஸ்தாவ், 1842-ல் பெரிய மோர்ஸ்காயா தெருவில் ஒரு சின்ன நகைக்கடை வைத்தார். வியாபாரம் சுமாராக ஓடியது. 1860-ல் கடையை நம்பிக்கையான ஆட்களிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குக் குடிபோனார்.

பையன் அங்கே படிச்சது காமர்ஸ். ஆனால் அந்த ஊரில் இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது. சாக்சனி அரசர்கள் பொக்கிஷங்களைச் சேர்த்து வைத்திருந்த கருவூலம். பச்சைப் பெட்டகம் என்று பெயர். தங்கம், தந்தம், எனாமல், கல் எல்லாவற்றையும் கலந்து செய்த நூற்றுக்கணக்கான பொருட்கள். அவற்றில் திறந்தால் உள்ளே கோழி இருக்கும் ஒரு பழைய முட்டையும் உண்டு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பிறகு ஐரோப்பாவைச் சுற்றி, பிராங்ஃபர்ட்டில் ஒரு பொற்கொல்லரிடம் வேலை பழகி, 1864-ல் ஊர் திரும்பினார். அப்பாவின் கடையில் பென்டின் என்ற மூத்த ஆசாரியிடம் தொழிலைத் தொடர்ந்து கற்றார். அதோடு ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே இருந்த பழைய நகைகளைப் பழுது பார்ப்பது, வகைப்படுத்திப் பட்டியலிடுவது ஆகிய வேலைகளைச் சம்பளம் வாங்காமல் செய்தார். இன்னைக்கு நாம ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்று சொல்றோமே, அதேதான் இது. கிரேக்கக் காலத்துப் பொற்கொல்லர் கம்பியை எப்படி முறுக்கினார், 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் கீலை எங்கே ஒளித்து வைத்தார் என்பதையெல்லாம் பழுதுபார்க்கும்போதே பிரிச்சுப் பார்த்துப் படிச்சுக்கிட்டார்.

1872-ல் கடைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அன்றைய ரஷ்யாவில் நகை என்றால் வைரம். எத்தனை கல், எவ்வளவு பெருசு என்பதுதான் பேச்சு. 1882-ல் தம்பி அகதோன் வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து கடையின் போக்கையே மாற்றினாங்க. வைரமும் முத்தும் பதிச்சதுக்காக மட்டும் ஒரு பொருளுக்கு விலை என்றால் அதில் எனக்கு ஆர்வமே இல்லை என்பதுதான் ஃபாபெர்ஜேயின் நிலை. பாரிஸ், நியூயார்க்கின் பெரிய நகைக்கடைகளை அவர் வியாபாரிகளாகத்தான் பார்த்தார். தன்னைக் கலைஞனாகப் பார்த்தார். கொஞ்சம் தலைக்கனமாகத் தெரியலாம். ஆனால் அவரால் அதை நிரூபிக்கவும் முடிந்தது.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை இது. ஜார் மூன்றாம் அலெக்ஸாண்டரிடம் பழைய பிரெஞ்சு மூக்குப்பொடி டப்பா ஒன்று இருந்தது. இந்த மாதிரி வேலை இப்போது யாருக்கும் வராது என்பது ஜாரின் எண்ணம். ஃபாபெர்ஜேயின் பட்டறை அதே மாதிரி இன்னொன்றைச் செய்து பக்கத்தில் வைத்தது. எது பழசு, எது புதுசு என்று ஜாரால் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஹெர்மிடாஜில் பக்கத்து பக்கத்தில் வைக்கச் சொன்னாராம்.

1885-ல் ஜார் தன் மனைவி மரியாவுக்கு ஒரு ஈஸ்டர் பரிசு கேட்டார். மரியா டென்மார்க் இளவரசி. டிரெஸ்டனில் இருந்த மாதிரியே ஒரு கோழி முட்டை டென்மார்க் அரச குடும்பத்திடமும் இருந்தது. ஃபாபெர்ஜே செய்தது பார்வைக்கு ரொம்ப சாதாரணம். சுமார் ஆறரை செ.மீ. உயரத்தில் ஒரு வெள்ளை முட்டை. தங்க ஓட்டின் மேல் வெள்ளை எனாமல். திருகித் திறந்தால் பளபளப்பு இல்லாத தங்கத்தில் ஒரு மஞ்சள் கரு. அதைத் திறந்தால் பல நிறத் தங்கத்தில் ஒரு கோழி, கண்ணுக்கு மாணிக்கம். கோழியும் திறக்கும். அதற்குள்ளே ஒரு குட்டி வைரக் கிரீடமும் மாணிக்கப் பதக்கமும் இருந்தன. அவை இரண்டும் இன்று காணாமல் போய்விட்டன. இதில் ஒரு தமாஷ் என்னன்னா, முதலில் உள்ளே மோதிரம் வைப்பதாகத்தான் பேச்சு. நடுவில் அது பதக்கமாக மாறியது. வேலை பாதியில் இருக்கும்போது ரிக்வயர்மென்ட் மாறுவது நம்ம காலத்தில்தான் என்று நினைக்காதீங்க.

ராணிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதன்பிறகு வருஷம் தவறாமல் ஈஸ்டருக்கு ஒரு முட்டை. அடுத்த ஜார் இரண்டாம் நிகோலஸ் காலத்தில் அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு. ஜப்பான் போர் நடந்த 1904, 1905 மட்டும் இல்லை. ஆக மொத்தம் 50. நிபந்தனை ஒன்றே ஒன்று: உள்ளே ஓர் ஆச்சரியம் இருக்கணும். மற்றபடி என்ன டிசைன், என்ன மெட்டீரியல் என்பதெல்லாம் பட்டறையின் இஷ்டம்.

சரி, இதையெல்லாம் எப்படிச் செஞ்சாங்க? நமக்கு வேண்டியது இந்த இடம்தான்.

நேராகத் தங்கத்தில் கை வைக்க மாட்டாங்க. முதலில் காகிதத்தில் வரைபடம். அடுத்து, உருவம் கொண்ட பொருளாக இருந்தால் மெழுகில் மாதிரி. மெழுகு மலிவு, தப்பு வந்தால் சூடு காட்டித் திருத்திக்கலாம். 1907-ல் இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்ட் தன் சாண்ட்ரிங்ஹாம் பண்ணையில் இருந்த விலங்குகளைச் சின்னச் சிற்பங்களாகக் கேட்டார். ஃபாபெர்ஜே சிற்பிகளை நேராகப் பண்ணைக்கே அனுப்பினார். குதிரை, நாய், பன்றி எல்லாவற்றையும் எதிரில் நிறுத்தி மெழுகில் செய்தாங்க. அரசர் நேரில் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அவை ரஷ்யாவுக்குப் போயின. அங்கே ஒவ்வொரு விலங்கின் நிறத்துக்கும் பொருத்தமான கல்லைத் தேடி எடுத்துச் செதுக்கினாங்க. அரசரின் செல்ல நாய் சீசருக்கு அமைந்தது வெளிர் நிறக் கால்செடனி கல். கல்லில் ஒரு காது உடைந்தால் ஒட்ட முடியாது. அதனால்தான் எல்லாச் சந்தேகத்தையும் மெழுகிலேயே தீர்த்துக்கொண்டாங்க.

அடுத்தது எனாமல். பெட்டியின் மேல் மினுமினுக்கும் அந்த நிறத்தைப் பெயின்ட் என்று நினைச்சிடாதீங்க. அது கண்ணாடிப் பொடி. உலோகத்தின் மேல் பரப்பி, சுமார் 700, 800 டிகிரி செல்சியஸில் சூளையில் உருக்கணும். மெட்டீரியல் சயின்ஸ் படிச்சவங்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரணும். கண்ணாடிக்கும் தங்கத்துக்கும் தர்மல் எக்ஸ்பான்ஷன் வேற வேற ஆச்சே? ஆமாம். அங்கேதான் விரிசல் விழும். தகடு வளையாமல் இருக்கப் பின்பக்கமும் எனாமல் பூசணும். பூச்சு ஒன்று இரண்டு இல்லை, பெரும்பாலும் ஐந்து, ஆறு. அடுத்தடுத்த பூச்சுக்குச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைச்சுக்கிட்டே வரணும், இல்லைன்னா கீழே இருப்பது கலைந்துவிடும். இதற்கு நடுவில் பற்றவைத்த இடங்கள் விட்டுவிடாமல் இருக்கணும். ஐந்தாவது பூச்சில் ஒரு குமிழி வந்தால் முந்தைய நாலும் போச்சு.

எனாமலுக்குக் கீழே இருக்கும் உலோகத்தில் அலை அலையாக, கதிர் கதிராகக் கோடுகள் தெரியும். அதை ரோஸ் இன்ஜின் என்ற ஒரு வகை லேத்தில் போடுவாங்க. கண்ணாடி வழியாக ஒளி உள்ளே போய், அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்புவதால்தான் பட்டுத்துணி மாதிரி ஒரு மினுக்கம். கோட்டின் ஆழம் மாறினால் நிறமே மாறித் தெரியும். ஆகவே சின்னத் தகடுகளில் கோடு போட்டு, நிறம் பூசி, சூளையில் வைத்துப் பார்த்து, எண் போட்டு அடுக்கி வைத்திருந்தாங்க. அவங்க கையில் இருந்தது 140-க்கும் மேற்பட்ட நிறங்கள். வாடிக்கையாளர் எண்ணைச் சொன்னால் போதும். நாம ஆக்ரிலிக், எம்.டி.எஃப்., பி.எல்.ஏ. என்று சாம்பிள் துண்டுகளை மேஜையில் பரப்பி வைக்கிறோமே, அதே புத்திதான்.

தங்கத்திலேயே நிறம் மாற்றுவதும் உண்டு. செம்பு கூடினால் சிவப்பு, வெள்ளி கூடினால் பச்சை சாயல். ஒரே பெட்டியில் நாலு நிறத் தங்கம் வரும். பெரும்பாலும் அவங்க பயன்படுத்தியது 14 காரட் தங்கம். நம்ம ஊர்க் கடையில் காட்டினால் முகத்தைச் சுளிப்பாங்க. ஆனால் கீல் தேயாமல் இருக்கவும் மூடி வளையாமல் இருக்கவும் அந்தக் கலப்புதான் சரி. மாற்று குறைவு என்பது ஏமாற்று இல்லை, டிசைன் முடிவு.

கீலைப் பற்றித் தனியாகச் சொல்லணும். ஃபாபெர்ஜேயின் சிகரெட் பெட்டியை மூடி வைத்தால் மூடி எங்கே ஆரம்பிக்குது என்று கண்ணுக்குத் தெரியாது. திறக்கும் இடத்தில் சின்னதாக ஒரு நீலக்கல் மட்டும் இருக்கும். விரல் வைத்தால் திறக்கும். சிஎன்சி கிடையாது. அரம், கண், பொறுமை. முடிந்த பொருளை ஃபாபெர்ஜே சோதிக்கும்போது பக்கத்தில் ஒரு சுத்தியல் இருக்கும் என்றும், திருப்தி இல்லையென்றால் அங்கேயே உடைத்துவிடுவார் என்றும் சொல்வாங்க. அதனால் பட்டறையில் எல்லாரும் மெழுகிலேயே கவனமாக இருந்திருப்பாங்க!

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாகணும். இவற்றில் எதையும் ஃபாபெர்ஜே தன் கையால் செய்யவில்லை. அவர் தேர்ந்தெடுத்தார், திருத்தினார், நிராகரித்தார். செய்தவர்கள் வேற. உச்சத்தில் சுமார் 500 பேர் அவரிடம் வேலை பார்த்தாங்க. பட்டறைத் தலைவர்களான பெர்கின், விக்ஸ்ட்ரோம் போன்றவர்களின் பெயரெழுத்துகள் பொருளில் முத்திரையாக இருக்கும். அவங்களுக்குக் கீழே அரம் பிடித்தவர்களில் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு பெயர் தெரியும்: ஜார்ஜ் ஸ்டைன். 1897-ன் முடிசூட்டு முட்டைக்குள்ளே பத்து செ.மீ. கூட இல்லாத ஒரு தங்க ரதம் இருக்கிறது. சக்கரம் சுற்றும், கதவு திறக்கும், படி மடங்கும். அதைச் செய்ய அவருக்குக் கிட்டத்தட்ட 15 மாதம் ஆனது.

அந்த முட்டை எதைக் கொண்டாடியதோ, அதே 1896 முடிசூட்டு விழாவில்தான் மாஸ்கோவின் ஹொதின்கா மைதானத்தில் நெரிசல் ஏற்பட்டது. மக்களுக்கு இலவசமாகத் தின்பண்டமும் ஒரு குவளையும் கொடுப்பதாக அறிவிப்பு. வாங்க வந்த கூட்டத்தில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் மிதிபட்டுச் செத்தாங்க. அந்தக் குவளை எதில் செய்தது தெரியுமா? எனாமல் பூசிய உலோகத்தில். அரண்மனைக்குள்ளே போன எனாமலும், மைதானத்தில் கிடந்த எனாமலும் அடிப்படையில் ஒரே கண்ணாடிப் பொடிதான். அழகான பொருளைப் பார்த்து வியக்கும்போது இதையும் சேர்த்தே நினைச்சுக்கணும்.

பட்டறையின் இன்னொரு பெயர் ஆல்மா பில். இருபதுகளில் இருந்த பெண். வேலை, செய்த நகைகளைப் பதிவேட்டில் வரைந்து வைப்பது. ஒருமுறை எண்ணெய்த் தொழிலதிபர் எமானுவேல் நோபல் 40 சின்ன நகைகள் கேட்டார். லஞ்சம் என்று தோன்றாத அளவுக்கு மெட்டீரியல் மதிப்பு குறைவாக இருக்கணும், ஆனால் புதுசாக இருக்கணும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஆல்மா, கண்ணாடியில் படிந்த பனிப்பூக்களைப் பார்த்தார். அதையே டிசைனாக்கினார். அதுவே வளர்ந்து 1913-ன் குளிர்கால முட்டையானது: மெல்லிசாகச் செதுக்கிய படிகக்கல், உள்பக்கம் பனி படிந்த மாதிரிக் கோடுகள், திறந்தால் கூடை நிறைய வெள்ளைப் பூக்கள். பிற்காலத்தில் அவர் பின்லாந்தின் ஒரு சின்ன ஊரில் ஓவிய ஆசிரியராக இருந்தார். இந்த டீச்சர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

1914-ல் உலகப்போர் வந்தது. கைதேர்ந்த ஆட்கள் பட்டாளத்துக்குப் போனாங்க. தங்கம் தட்டுப்பாடு. பட்டறை செம்பிலும் பித்தளையிலும் கிண்ணங்கள் செய்தது. ராணுவத்துக்குத் தளவாடமும் செய்தது. 1916-ல் ராணிக்குப் போன முட்டையின் ஓடு எஃகு. அது நாலு பீரங்கிக் குண்டு வடிவங்களின் மேல் நின்றது. 1917 ஈஸ்டருக்குத் திட்டமிட்டது கரேலிய பிர்ச் மரத்தில். தங்கம், படிகம், எஃகு, மரம் என்று மெட்டீரியல் மாறிக்கிட்டே வந்தது. மூடியின் பொருத்தம் மட்டும் குறையவில்லை. ஆனால் அந்த ஈஸ்டருக்கு முன்பே ஜார் பதவி இழந்தார். கடைசி முட்டைகள் போய்ச் சேரவே இல்லை.

1918-ல் புரட்சி அரசு பட்டறையை எடுத்துக்கொண்டது. 72 வயதில் ஃபாபெர்ஜே ரயிலேறி ரிகாவுக்கும், அங்கிருந்து ஜெர்மனிக்கும், கடைசியில் சுவிட்சர்லாந்துக்கும் போனார். 1920 செப்டம்பர் 24 அன்று லோசான் நகரத்தில் இறந்தார். அவர் செய்வித்த பொருட்களில் எத்தனையோ உருக்கப்பட்டன, கல் தனி, தங்கம் தனி என்று பிரிக்கப்பட்டன. பல முட்டைகளைச் சோவியத் அரசு அந்நியச் செலாவணிக்காக விற்றது. சில காணாமல் போயின.

அப்படிக் காணாமல் போனவற்றில் ஒன்று 1887-ல் செய்த முட்டை. சுமார் எட்டு செ.மீ. உயரம், வரிவரியாகத் தங்க ஓடு, சிங்கப் பாதம் வைத்த மூன்று கால் தாங்கி, உள்ளே ஆச்சரியமாக ஒரு வாஷரோன் கான்ஸ்டன்டின் கடிகாரம். 1964-ல் நியூயார்க் ஏலத்தில் அது என்னவென்றே தெரியாமல் 2,450 டாலருக்குப் போனது. பிறகு அமெரிக்காவில் பழைய உலோகம் வாங்கி விற்கும் ஒருவர் கையில் சிக்கியது. கொடுத்த விலை சுமார் 14,000 டாலர். எடைக்கு விற்று, உருக்கி, கொஞ்சம் லாபம் பார்க்கலாம் என்பது திட்டம். ஆனால் வாங்க வந்தவர்கள் எடை போட்டுப் பார்த்து, இதில் அவ்வளவு தங்கம் இல்லை, விலை அதிகம் என்று போய்விட்டாங்க. வருஷக்கணக்கில் அது அவர் வீட்டிலேயே கிடந்தது.

2012-ல் ஒரு நாள் கடிகாரத்தின் பெயரையும் முட்டை என்ற சொல்லையும் சேர்த்து இணையத்தில் தேடினார். காணாமல் போன முட்டையைப் பற்றிய செய்தி வந்தது. லண்டனில் இருந்த நிபுணர்களிடம் படங்களை எடுத்துக்கொண்டு ஓடினார். அவங்க வந்து பார்த்து உறுதி செய்தாங்க. மதிப்பு 3.3 கோடி டாலர் வரை இருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின.

நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்த முட்டை உருகாமல் தப்பித்ததுக்குக் காரணம், அதில் தங்கம் குறைவாக இருந்ததுதான். மெட்டீரியலுக்காக மட்டும் விலை சொன்னால் எனக்கு ஆர்வம் இல்லை என்று ஒருத்தர் தன் வாழ்நாள் முழுக்கச் சொன்னாரே, அந்தப் பிடிவாதம் 125 வருஷம் கழித்து அவர் செய்வித்த பெட்டியைக் காப்பாற்றியது.

அந்த முட்டையில் இன்றும் சில கீறல்கள் இருக்கின்றன. ஃபாபெர்ஜே பட்டறையில் விழுந்தவை இல்லை. அது எத்தனை மாற்றுத் தங்கம் என்று பார்க்கப் பின்னாளில் யாரோ சுரண்டிய கீறல்கள். அடுத்த முறை நகைக்கடையில் அம்மா செய்கூலிக்குப் பேரம் பேசும்போது, பக்கத்தில் நின்று அந்தச் சங்கிலியின் கொக்கியை ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்க. அந்தக் கூலி எங்கே போச்சு என்பது அங்கே தெரியும்.